1515-ஐ அழைத்த லினக்ஸ்

மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் தலைமுறைக்கு 1511, 1515 என்ற இரண்டு எண்கள் மறந்திருக்காது. முன்னது ஜாரிங், பின்னது டிஎம்நெட். தொலைபேசிக் கம்பியைக் கணினியின் முதுகில் செருகி, இரண்டில் ஒன்றை அழைத்து, கீச்சொலியும் இரைச்சலும் அடங்கும்வரை காத்திருந்தால் இணையம் வரும், வராமலும் போகும். அரசு ஆய்வு நிறுவனமான மிமோஸ் 1992இல் ஜாரிங்கைத் தொடங்கியது. டிஎம்நெட் 1996இல் வந்தது. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றை அறிமுகமானதும் பட்டணத்துக்காரர்கள் ஒவ்வொருவராக டயல்-அப்பை விட்டு விலகினார்கள்.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டங்களுக்கு அது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை. செப்புக் கம்பியில் வரும் அகலக்கற்றைச் சமிக்ஞை ஏறத்தாழ 5 கிலோமீட்டரிலேயே நலிந்துவிடும். தோட்டங்களை வகுத்தவர்கள் ஆற்றையும் மண்ணையும் பார்த்து வகுத்தார்கள். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டபோது, தொலைபேசி நிலையம் எத்தனை மைல் என்று யார் கணக்குப் பார்த்திருப்பார்கள்? ஆக, குரல் போய்ச் சேரும், அகலக்கற்றை போய்ச் சேராது என்ற தூரத்தில் பல தோட்டங்கள் மாட்டிக்கொண்டன. அங்கெல்லாம் மோடம் இன்னும் சில ஆண்டுகள் பிழைத்திருந்தது.

அதே காலத்தில் லினக்ஸ் குறுந்தட்டுகளும் கைமாறிக்கொண்டிருந்தன. கைமாறித்தான் ஆக வேண்டும். 650 மெகாபைட் தட்டு ஒன்றை நொடிக்கு 44 கிலோபிட் வேகத்தில் இறக்கினால் 34 மணி நேரம் ஆகும், இணைப்பு ஒரு தடவையும் அறுந்துபோகாமல் இருந்தால். நண்பர் ஒருவர் எரித்துக் கொடுத்த தட்டை நிறுவி, மேசைத்திரை அழகாக எழும்பியதும் அடுத்த கேள்வி: இதில் இணையம் எப்படி? “லினக்ஸில் மோடம் ஓடாது” என்று கடைக்காரர் முதல் கணினி ஆசிரியர் வரை சொல்வார்கள். பாதி உண்மை. ஓடாததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஆனால் ஓடாதபோது எந்த இடத்தில் ஓடவில்லை என்பதை லினக்ஸ் அளவுக்கு வெளிப்படையாகச் சொன்ன இயங்குதளம் அன்று வீட்டுக் கணினிகளில் அரிது. விண்டோஸும் சொல்லும், எண்ணாக. 680 என்றால் டயல் டோன் இல்லை, 678 என்றால் மறுமுனை எடுக்கவில்லை, 691 என்றால் கடவுச்சொல் சரியில்லை. லினக்ஸோ மோடமும் கணினியும் பேசிக்கொண்டதை வரிக்கு வரி நம் முன் வைக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு, அழைப்பு எதுவரை போய் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

மோடமுக்கும் லினக்ஸுக்கும் ஆகாது என்று சொன்னவர்களுக்கு ஒரு பழைய கதை தெரிந்திருக்காது. 1991இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கணினியிலிருந்து பல்கலைக்கழகக் கணினியை மோடம் வழியே தொடர்புகொள்ள ஒரு முனையநிரல் எழுதினார். அதற்கு வட்டில் கோப்புச் சேமிக்கும் வசதி வேண்டியிருந்தது, அதைச் சேர்த்தார், இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் அது இயங்குதளமானது. பிறகு ஒருநாள் மோடமுக்குப் போக வேண்டிய அழைப்புக் கட்டளையைக் கைதவறி வன்வட்டுக்கு அனுப்பிவிட்டார். வட்டிலிருந்த மினிக்ஸ் கெட்டது. அதை மறுபடி நிறுவுவதற்குப் பதிலாக, முழுக்க லினக்ஸிலேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தார். லினக்ஸில் ஏறத்தாழ எல்லாச் சாதனமும் ஒரு கோப்பாகத் தெரியும் என்பதன் இனிமையும் ஆபத்தும் அந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கின்றன.

இனி அழைப்பின் பின்னால் போவோம்.

மோடம் கம்பியைத் திறந்ததும் முதலில் தேடுவது டயல் டோனை. இது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மலேசியா உள்பட உலகின் பெரும்பகுதியில் 425 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒற்றைச் சுருதி. அமெரிக்கச் சந்தைக்கென்று அமைத்த மலிவு மோடத்துக்கு நம் ஊர் டோன் டோனாகவே படாமல் போகலாம். தொலைபேசியைக் காதில் வைத்தால் நன்றாகக் கேட்கிறது. மோடமோ ‘நோ டயல்டோன்’ என்று சாதிக்கிறது. தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் எண்ணை அழுத்திவிடும். தோட்டத்து இணைப்புகளில் பாதிப் பேருக்கு உதவிய மந்திரம் இதுதான் என்பேன்.

எண்ணை அழுத்துவதும் இசைதான். ‘1’ என்பது 697, 1209 ஹெர்ட்ஸ் சேர்ந்த ஒலி. ‘5’ என்பது 770, 1336. மறுமுனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் நீண்ட ஒரு கூவல் வரும். கூர்ந்து கேட்டால் அது ஒரே சீராக இல்லை. 450 மில்லிநொடிக்கு ஒருமுறை அலை தலைகீழாகத் திரும்பும், ஒரு சிறு இடறல் போல. பேசும் இருவருக்கு எதிரொலி கேட்காமலிருக்கத் தொலைபேசி வலையில் பொருத்திய கருவிகளுக்கு அது ஒரு சைகை: “இது மனிதக் குரல் அல்ல, ஒதுங்கிக்கொள்ளுங்கள்.” பிறகு இரு மோடங்களும் தங்களுக்குத் தெரிந்த தரங்களைச் சொல்லிக்கொள்ளும். வி.34 தரமானால் அடுத்து வருவது எனக்குப் பிடித்த கட்டம். 150 முதல் 3750 ஹெர்ட்ஸ் வரை 21 சுருதிகளை ஒரே நேரத்தில் கம்பியில் விட்டுப் பார்க்கும். எந்தச் சுருதி எவ்வளவு தேய்ந்து போய்ச் சேர்ந்தது என்று அளந்து, இந்தக் கம்பிக்கு இந்த வேகம் தாங்கும் என்று கணக்குப் போடும். கடைசியில் கேட்கும் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சலில் தங்கள் வடிகட்டிகளை அந்தக் கம்பிக்கேற்பத் திருத்திக்கொள்ளும். அதன்பின் ஒலிபெருக்கி அணைந்துவிடும். உள்ளே உரையாடல் தொடரும். சத்தம் தொல்லையென்று எம்0 கட்டளையால் அதை அடக்கியவர்கள், கம்பியைப் பற்றி இலவசமாகக் கிடைத்த மருத்துவ அறிக்கையைக் கிழித்துப் போட்டவர்கள்.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிரச்சினையின் வேர் அங்கேதான்.

தொலைபேசி வழி கடத்துவது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டுமே. 3100 ஹெர்ட்ஸ் அகலத்தில் எத்தனை பிட் கடத்தலாம் என்பதற்கு கிளாட் ஷனன் 1948இலேயே எல்லை வகுத்துவிட்டார். சமிக்ஞை இரைச்சலைவிட 35 டெசிபல் ஓங்கியிருந்தால் நொடிக்குச் சுமார் 36,000 பிட். அதே கம்பியில் இரைச்சல் ஏறி அந்த இடைவெளி 20 டெசிபலாகக் குறைந்தால் 20,000 சொச்சம். எந்த மோடமும், எந்த நிரலும் இதை மீற முடியாது. 1998இல் வந்த வி.90 மோடம் மட்டும் 56,000 எப்படிக் கொடுத்தது? சேவையாளர் பக்கத்தில் மோடமே கிடையாது. அவர் இலக்கமாகவே அனுப்புகிறார். தொலைபேசி நிலையம் நொடிக்கு 8,000 மாதிரிகளை 8 பிட் எண்களாகக் கையாள்கிறது. இலக்கம் ஒலியலையாக மாறுவது வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியில் மட்டும், ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறை இரு முறையானால் 56 கனவு கலைந்து வி.34க்கு இறங்கிவிடும். கம்பி போதாத இடங்களில் ஒரே இணையில் பல எண்களை ஏற்றும் பெட்டிகளை வைத்தால் நடப்பது இதுதான்.

தூரத்து வழிகளில் இன்னொன்றும் உண்டு. நீண்ட செப்புக் கம்பியில் குரலின் மேல்சுருதிகள் தேய்ந்து மந்தமாகக் கேட்கும் என்பதற்காக, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்கு ஒன்றாக 88 மில்லிஹென்றிச் சுருள்களைக் கோப்பது தொலைபேசித் துறையின் நெடுநாள் வழக்கம். குரலுக்கு அது வரம். ஆனால் குரலின் எல்லைக்கு மேலே கம்பியை அது வெட்டிவிடும். அதன் விளிம்பில் நின்று வேகம் தேடும் மோடத்துக்கும், அதற்கும் மேலே வாழும் அகலக்கற்றைக்கும் சாபம்.

பிறகு மழை. கம்பத்தில் தொங்கும் கம்பியின் மூட்டுகளில் ஈரம் இறங்கும். இரண்டு இழையும் ஒரே அளவில் தரையிலிருந்து விலகியிருந்தால்தான் வெளி மின்புலம் இரண்டிலும் சமமாகத் தூண்டப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓர் இழை மட்டும் ஈரத்தில் கசிந்தால் சமநிலை குலைந்து, பக்கத்து மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் முனகலாக உள்ளே வரும். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். தொலைபேசியை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அடுத்த சில நொடி மௌனத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். சீரான முனகல் என்றால் சமநிலை போயிருக்கிறது. படபடவென்ற வெடிப்பு என்றால் மூட்டில் துரு. மெலிதாக வேறொருவர் பேச்சு என்றால் பக்கத்து இணையோடு கசிவு. இதே சோதனையை, வீட்டிலுள்ள மற்றத் தொலைபேசிகளை எல்லாம் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் செருகுவாயில் செய்தால் குற்றம் உள்ளேயா வெளியேயா என்றும் தெரிந்துவிடும்.

துருப்பிடித்த மூட்டின் குணம் ஒன்று வேடிக்கையானது. யாராவது நம்மை அழைத்து மணி அடித்து முடித்தபிறகு இணைப்பு கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். மணிக்காக நிலையம் அனுப்பும் 75 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மாறுமின்னழுத்தம் துருப்படலத்தைத் துளைத்து விடுவதுதான் காரணம். இணையத்தில் நுழையும் முன் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்வது மூடநம்பிக்கை போலத் தோன்றும். இல்லை, இயற்பியல்.

இடியைச் சொல்லாமல் சிலாங்கூரைப் பற்றி எழுத முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கை ஒட்டிய இந்த வட்டாரத்தில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி கேட்கும். மின்னல் கம்பத்தில் விழவேண்டும் என்பதுகூட இல்லை. அருகில் விழுந்தாலே நீண்ட கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டு, ஒரு முனையில் தொலைபேசியும் மறுமுனையில் மின்சாரமும் கட்டிய மோடத்தில் வந்து இறங்கும். அப்படி அடிபட்ட மோடம் முழுதாகச் சாவதில்லை என்பதுதான் கொடுமை. கணினி அதைக் கண்டுகொள்ளும், கட்டளைக்கு ‘ஓகே’ சொல்லும். கம்பிப் பக்கத்துப் பாகம் மட்டும் கருகியிருப்பதால் நித்தமும் ‘நோ டயல்டோன்’. இதை இயங்குதளத்தின் குறையென்று நினைத்து லினக்ஸை அழித்து மறுபடி நிறுவுவதில் பயனில்லை. மாலையில் வானம் கறுத்தால் கம்பியைப் பிடுங்கு என்பதுதான் அன்றைய தோட்டத்துப் பிள்ளைகள் கற்ற முதல் கணினிப் பாடம்.

கம்பி நன்றாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இப்போது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே. மினிகாம் என்ற சிறுநிரலைத் திறந்து, ஏ, டி என்ற இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் ‘ஓகே’ என்று பதில் வர வேண்டும். ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் தன் ஸ்மார்ட்மோடத்துக்கு வகுத்த மொழி இது. ஏடிடிடி 1515 என்றால் அழை. ஏடிஎச் என்றால் வை. ‘ஓகே’ வராவிட்டால் தவறான கதவைத் தட்டுகிறோம். விண்டோஸ் காம்1 என்பதை லினக்ஸ் டிடிஒய்எஸ்0 என்று பூஜ்யத்திலிருந்து எண்ணும். காம்3 என்பது டிடிஒய்எஸ்2. இதில் தடுக்கியவர்கள் ஏராளம். அதோடு பழைய கணினிகளில் காம்1, காம்3 இரண்டும் 4ஆம் எண் குறுக்கீட்டுக் கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளும். சுட்டி ஒன்றிலும் மோடம் மற்றதிலும் இருந்தால், சுட்டியை அசைக்கும்போதெல்லாம் இணைப்பு திணறும். சாதாரணப் பயனரை டயலவுட் குழுவில் சேர்க்காமல் விட்டிருந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வரும்; ரூட்டாக நுழைந்தால் மட்டும் வேலை செய்யும். அது பிழையல்ல, பூட்டு.

இன்னொரு ஏமாற்றம்: ‘கனெக்ட் 115200’ என்று வந்ததும் துள்ளிக் குதிப்பது. அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், தொலைபேசிக் கம்பியின் வேகம் அல்ல. மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால், விரித்த தரவை வாங்கிக்கொள்ள உள்பக்கத்தை வேகமாக வைப்பது சரிதான். ஆனால் அந்த வேகத்தில் நொடிக்கு 11,520 பைட் வரும். 87 மைக்ரோநொடிக்கு ஒன்று. பழைய 8250 தொடர்முகச் சில்லு, ஒரு சொட்டு ரப்பர்ப் பால் மட்டுமே கொள்ளும் மங்கு போன்றது. அடுத்த சொட்டு விழுமுன் யாராவது வந்து வழித்தெடுக்காவிட்டால் வழிந்து வீணாகும். 16550ஏ சில்லு 16 பைட் கொள்ளும். உங்களிடம் எது இருக்கிறதென்று செட்சீரியல் கட்டளை ஒரே வரியில் சொல்லிவிடும்.

இதெல்லாம் மோடம் நிஜ மோடமாக இருந்தால்தான். கடைக்காரர் “ஓடாது” என்று சொன்னது இங்கேதான் நியாயம்.

1990களின் பிற்பகுதியில் மோடத்தை மலிவாக்க ஒரு வழி கண்டார்கள். கணக்குப் போடும் சில்லுகளை அட்டையிலிருந்து நீக்கிவிட்டு, அந்த வேலையைக் கணினியின் செயலிமீது சுமத்துவது. அட்டையில் மிஞ்சுவது கம்பியின் அலையை எண்ணாக்கும் பாகம் மட்டும். சிலவற்றில் கணக்கிடும் சில்லு இருக்கும், கட்டளை புரிந்துகொள்ளும் பாகம் இருக்காது. மீதி மோடம் விண்டோஸுக்கான நிரலாக ஒரு குறுந்தட்டில் இருக்கும். அதனால்தான் பெயரே வின்மோடம். லினக்ஸில் இந்த அட்டையைச் செருகி ஏடி என்று தட்டினால் பதில் சொல்ல அங்கே யாருமில்லை. சீரியல் கம்பியில் வெளியே வைக்கும் யுஎஸ் ரோபோட்டிக்ஸ் போன்ற பெட்டி மோடம் எந்த இயங்குதளத்திலும் ஓடியது; ஆனால் விலை கூட. கணினியோடு சேர்ந்தே வந்த உள்மோடத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் பெட்டி மோடத்துக்கு மறுபடி வெள்ளி எண்ணிக் கொடுக்கத் தோட்டத்துக் குடும்பம் எதற்கு முன்வரும்?

எல்எஸ்பிசிஐ கட்டளை அட்டையைத் தயாரித்தவரின் அடையாள எண்ணைக் காட்டும். 11சி1 என்றால் லூசென்ட், 14எஃப்1 என்றால் கோனெக்சன்ட், 134டி என்றால் பிசிடெல். லூசென்ட் அட்டைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த நிறுவனம் மூலநிரலைத் தராவிட்டாலும் தொகுத்த கோப்பு ஒன்றை வெளியிட்டது; தன்னார்வலர்கள் அதைச் சுற்றி உறையெழுதி, லினக்ஸின் கருவான கெர்னலின் புதிய பதிப்புகளோடு பொருந்தவைத்தார்கள். கோனெக்சன்டுக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் இயக்கியை விற்றது. இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டுக்கு மேல் ஓடாது. முழு வேகம் வேண்டுமானால் பணம்.

2004 ஏப்ரலில் அந்த இயக்கியில் ஒரு தில்லுமுல்லு வெளியானது. மூலநிரல் தராத கூறு ஒன்று கெர்னலுக்குள் நுழைந்தால், கெர்னல் ‘கறைபட்டது’ என்று குறித்து வைக்கும். கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்று பின்னர் தெரிய வேண்டுமல்லவா? ஒவ்வொரு கூறும் தன் உரிமத்தை ஓர் எழுத்துத்தொடராக அறிவிக்க வேண்டும். லினக்ஸன்ட் எழுதிய தொடரின் தொடக்கம் ‘ஜிபிஎல்’ என்ற திறந்த மூலநிரல் உரிமத்தின் பெயர். அதையடுத்து ஒரு பூஜ்ய எழுத்து. அதன்பிறகு, இந்த உரிமம் ஒரு குறிப்பிட்ட அடைவிலுள்ள கோப்புகளுக்கு மட்டுமே என்ற விளக்கம். சி மொழியில் பூஜ்ய எழுத்து வந்தால் தொடர் முடிந்தது என்று பொருள். எனவே கெர்னல் கண்டது ‘ஜிபிஎல்’ என்பதை மட்டும். ஒரே இயக்கியில் பல கூறுகள் இருப்பதால் எச்சரிக்கைகள் குவிந்து பயனர்கள் குழம்புவதைத் தவிர்க்கவே இப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கியது. எனக்கு அந்த விளக்கம் செரிக்கவில்லை. எச்சரிக்கை யாருக்காக இருக்கிறதோ அவரிடமிருந்து அதை மறைப்பது உதவியாகாது.

பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார், வின்மோடத்தின் அத்தனை கணக்கையும் திறந்த மூலநிரலாகவே எழுதிவிடப் பார்த்தார். லின்மோடம் என்ற அந்த முயற்சி வி.34 தரத்தில் ஒரு பகுதிவரை போனது. அவர் பிற்பாடு எஃப்எஃப்எம்பெக், க்யூஇஎம்யூ என்ற நிரல்கள் இரண்டையும் உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். அப்பேர்ப்பட்டவரே பாதியில் நிறுத்திய வேலை என்றால், அந்தக் கீச்சொலிக்குள் எவ்வளவு கணிதம் அடைந்திருந்தது என்று ஊகிக்கலாம்.

வின்மோடத்தில் மாட்டியவருக்கு இன்னொரு வட்டச்சிக்கல். இணையத்தில் நுழைய இயக்கி வேண்டும்; இயக்கியோ இணையத்தில் இருக்கிறது. பட்டணத்துச் சைபர் கஃபேக்குப் போய், 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் இறக்கி, பஸ் பிடித்து வீடு வந்து செருகினால், கெர்னல் தலைப்புக் கோப்புகள் இல்லை என்று நிற்கும். அவை முதல் குறுந்தட்டில் இருக்காது, இரண்டாவதில் இருக்கும், அதை நண்பர் எரித்துக் கொடுத்திருக்க மாட்டார்.

இணைப்பு ஏற்பட்டு ‘கனெக்ட்’ வந்துவிட்டால் மோடத்தின் வேலை முடிந்து, தொலைபேசி வழியே இணையத் தரவைக் கடத்தும் நெறிமுறையான பிபிபியின் வேலை தொடங்குகிறது. அழைப்பதற்கு டபிள்யூவிடயல், கேபிபிபி எதைப் பயன்படுத்தினாலும் அடியில் ஓடுவது பிபிபிடி என்ற ஒரே நிரல்தான். அதில் டீபக் விருப்பத்தை இயக்கிவிட்டால் மிச்சக் கதை முழுவதும் அதன் பதிவேட்டில் வரும். ‘தொடர்வழி தனக்கே திரும்பி வருகிறது’ என்றால், மறுமுனை இன்னும் பிபிபி பேசத் தொடங்கவில்லை. பயனர்பெயர் கேட்டுக் காத்திருக்கிறது. நாம் அனுப்பியதை நமக்கே எதிரொலிக்கிறது. பேப், சேப் என்ற அடையாளச் சோதனை முறைகளுக்கான கோப்புகளில் கடவுச்சொல்லை எழுதியபின் தானாக நுழையட்டும் என்று விட்டவருக்குப் பெரும்பாலும் இது வராது. கோரிக்கை அனுப்பி அனுப்பிக் காலம் கடந்தது என்ற வரி வந்தால், நம் சொல் போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பவில்லை.

‘வழி 8 பிட் தூய்மையாக இல்லை, 7ஆம் பிட் எப்போதும் 0’ என்ற வரி தமிழர்களுக்கு வேறொரு விதத்தில் பழக்கமானது. யூனிகோடு பரவுமுன் மின்னஞ்சல்களில் ஓடிய டிஸ்கி குறிமுறையில், 128க்குக் கீழே ஆங்கிலம், மேலே தமிழ். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியே நம்மில் பலர் தட்டியது அப்படித்தான். வழியில் எங்காவது 7 பிட் மட்டும் கடத்தும் கணினி இருந்தால், உச்சிப் பிட் வெட்டுண்டு, தமிழ் எழுத்தெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்தாக வந்து விழும். பிபிபி அதே நோயைத் தானே கண்டுபிடித்துப் பெயரோடு சொல்கிறது.

பலரைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது வேறொரு வரி: மறுமுனை தன்னை நிரூபிக்க வேண்டும், அதற்கான இரகசியச்சொல் என்னிடம் இல்லை என்று பிபிபிடி துண்டித்துக்கொள்ளும். சேவையாளர் நம்மிடம் கடவுச்சொல் கேட்பது வழக்கம். நாம் அவரிடம் கேட்பதா? காரணம், கணினியில் ஒரு வலையட்டை இருந்து, அதற்கு இயல்பு வழி ஏற்கனவே அமைந்திருக்கும். ஒரு வலையமைப்பில் இருக்கும் கணினிக்குள் வெளியாள் அழைத்து நுழைகிறார் என்று பிபிபிடி எண்ணிக்கொள்கிறது. நோஆத் என்ற ஒரு சொல் போதும். அந்தப் பழைய இயல்பு வழியையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு விளக்கு நின்று எரியும், ஒரு பக்கமும் திறக்காது, தரவெல்லாம் வலையட்டை வழியே எங்கோ போய்க்கொண்டிருக்கும். எண் முகவரிக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் மட்டும் பெயர் வழங்கியைப் பார்க்க வேண்டும். யூஸ்பியர்டிஎன்எஸ் அதற்கான விருப்பம்.

எல்லாம் சரியாகி, வேகம் மட்டும் ஆமையானால் மறுபடி கம்பிக்கே திரும்ப வேண்டும். இரைச்சலுள்ள வழியில் மோடம் முதலில் 44,000 என்று பேராசைப்படும். பிழை குவிந்ததும் உரையாடலை நிறுத்தி மறுபயிற்சி செய்யும். அந்தச் சில நொடி மௌனத்தை மேலே தரவைச் சேர்ப்பிக்கும் நெறிமுறையான டிசிபி, வழியில் நெரிசல் என்று தவறாகப் புரிந்துகொண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு மோடம் தேறினாலும் டிசிபி தயங்கித் தயங்கித்தான் ஏறும். +எம்எஸ் கட்டளையால் 26,400க்கு மேல் போகாதே என்று வரம்பு போட்டால், பெயரளவில் குறைந்த வேகம் கைக்கு அதிகமாகவே கொடுக்கும். கட்டளையின் வடிவம் சில்லுக்குச் சில்லு மாறும். அலை ஒரு கணம் மறைந்தாலே அழைப்பை வைத்துவிடும் மோடத்துக்கு எஸ்10 பதிவகம் மருந்து. வழக்கமான மதிப்பு 14, அதாவது 1.4 நொடி, 50 ஆக்கினால் 5 நொடி பொறுக்கும்.

இந்த வட்டாரத்தில் இன்று 1515-ஐ அழைத்து இணையம் பார்ப்பவர் யாருமில்லை. ஆனால் செம்பனைக்குள் இருக்கும் வீடுகளில் கைப்பேசி அட்டை போட்ட யூஎஸ்பி டங்கிள் இன்னும் உண்டு. லினக்ஸில் அதைச் செருகினால் டிடிஒய் யூஎஸ்பி0 என்று ஒரு கதவு தோன்றும். மினிகாமைத் திறந்து ஏடி என்று தட்டுங்கள், ‘ஓகே’ வரும். பழைய மாதிரியில் *99# என்ற எண்ணை அழைத்தால் அதே பிபிபிடி, அதே பதிவேடு. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் அணைக்கப்பட்டதால், 4ஜி தெரியாத டங்கிளில் அழைப்பு எங்கே நிற்கிறதென்று தேட வேண்டியதில்லை. 4ஜி டங்கிளும் தடுமாறினால் ஏடி+சிஎஸ்க்யூ என்று கேளுங்கள். 0 முதல் 31 வரை ஓர் எண் சொல்லும். 99 என்றால் அளக்க முடியவில்லை. ஒவ்வோர் எண்ணும் 2 டெசிபல். 10க்குக் கீழே இருந்தால் இயக்கியைத் திட்ட வேண்டாம். 5 மீட்டருக்குள் ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, டங்கிளைச் சன்னலுக்கு வெளியே, மரத்தின் மறைவு இல்லாத பக்கம் தூக்கிக் கட்டி மறுபடி கேளுங்கள். மூன்று எண் ஏறினால் 6 டெசிபல்; கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. வானம் கறுத்தால் உள்ளே எடுத்துவிடுங்கள்.